பந்தல் இல்லாத திராட்சை

வேன் நின்றதும் நான் கேட்ட முதல் கேள்வி, "தோட்டம் எங்கம்மா?" மகள் கையை நீட்டிக் காட்டினாள். அந்தப் பக்கம் இருந்தது வெளுத்த மணல் சரிவு ஒன்று. அதன்மேல் ஏதோ பெரிய பறவை கூடு கட்டப் பார்த்துப் பாதியில் விட்டுப் போன மாதிரி, பச்சையும் பழுப்புமாகச் செத்தைக் குவியல்கள். ஒவ்வொன்றும் முழங்கால் உயரம்கூட இல்லை. கல்தூண் இல்லை, கம்பி இல்லை, வாய்க்கால் இல்லை.

"இதுதாம்ப்பா தோட்டம்."

நான் கம்பம் பள்ளத்தாக்குக்காரன். அப்பா ஒன்றரை ஏக்கரில் பன்னீர் திராட்சை வைத்திருந்தார். தமிழ் வாத்தியாராக வேலைக்குப் போகும்வரை பந்தலுக்கு அடியில்தான் வளர்ந்தேன். வேலைக்குப் போன பிறகும் லீவு விட்டால் அங்கேதான். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, ஆள் நிமிர்ந்து நடக்கிற உயரத்தில் கொடியைப் படரவிடுவோம். நடு மதியத்திலும் கீழே நிழல் குளுகுளுவென்று இருக்கும். குலைகள் தலையில் இடிக்கும். திராட்சை என்றால் அண்ணாந்து பார்க்கிற பொருள் என்றுதான் அறுபத்து மூன்று வயதுவரை நினைத்திருந்தேன்.

இது 2019 ஆகஸ்டில். ஜெர்மனியில் வேலை பார்க்கும் மகளும் மருமகனும் என்னையும் என் மனைவியையும் கிரீஸுக்குக் கூட்டிப்போனார்கள். ஏதென்ஸுக்குப் பக்கத்துத் துறைமுகமான பிரேயஸில் காலையில் கப்பல் ஏறினால் சாந்தோரினிக்கு ஏறக்குறைய எட்டு மணி நேரம். ஊர்க்காரர்கள் அந்தத் தீவைத் திரா என்கிறார்கள். சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் எரிமலை வெடித்துத் தீவின் நடுப்பகுதி கடலுக்குள் போய்விட்டது. மிச்சம் நிற்பது பிறை வடிவில் ஒரு விளிம்பு. அந்த விளிம்பில் வெள்ளை வீடுகள், நீலக் குவிமாடங்கள், சாயங்காலம் சூரியன் மறைவதைப் பார்க்கத் தோளோடு தோள் உரசும் கூட்டம். அதையெல்லாம் நீங்கள் காலண்டரில் பார்த்திருப்பீர்கள். நான் சொல்ல வந்தது தீவின் முதுகுப் பக்கம், மெகாலோகோரி என்ற கிராமத்தை ஒட்டிய ஒரு ஒயின் ஆலையைப் பற்றி.

மகள் அந்தச் சுற்றுக்கு முன்கூட்டியே பணம் கட்டியிருந்தாள். தோட்டம், ஆலை, ஐந்து வகை ஒயின் ருசி, மதியச் சாப்பாடு. விஷயம் தெரிந்ததும் என் மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "பெத்தவங்களச் சாராயக் கடைக்குக் கூட்டிட்டுப் போற மொத பொண்ணு நீதான்டி." அன்று வெள்ளிக்கிழமை வேறு.

சுற்றிக் காட்ட வந்தவர் முப்பது வயதுப் பெண். அந்த ஊர்க்காரர், விவசாயக் குடும்பம். எங்களோடு இன்னும் ஆறு பேர். எல்லாரும் கேமராவைத் தூக்கிக்கொண்டு போக, நான் ஒரு குவியலுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன். இலையை விலக்கிப் பார்த்தால் உள்ளே கூடை. நிஜமாகவே கூடை. கொடியின் பழைய தண்டுகளை வட்டம் வட்டமாகச் சுற்றி, ஒன்றுக்குள் ஒன்று கோத்து, தரையோடு தரையாக முறம் அகலத்துக்கு முடைந்து வைத்திருக்கிறார்கள். செத்த கட்டை இல்லை, உயிருள்ள தண்டு. கூடைக்கு நடுவே, காற்றும் வெயிலும் படாத பள்ளத்தில், தங்க நிறத்தில் குலைகள் கோழி முட்டை மாதிரி பத்திரமாக இருந்தன.

இதற்குக் கூலூரா என்று பெயராம். வளையம் என்று பொருள். ஏதென்ஸ் தெருவில் எள் தூவி வளையமாகச் சுட்டு விற்கிறார்களே, கூலூரி, அதுவும் இந்தச் சொல்லிலிருந்து வந்ததுதான் என்றார். மனைவிக்கு அது உடனே விளங்கியது. முந்தின நாள் அவள் இரண்டு கூலூரி சாப்பிட்டிருந்தாள்.

ஏன் இப்படி வளர்க்கிறார்கள் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நின்ற இடத்தில் என் தொப்பி பறந்துபோய்ப் பத்துக் கூடை தாண்டி விழுந்தது. கோடையில் வடக்கிலிருந்து மெல்டெமி என்ற காற்று நாள் கணக்கில் வீசுகிறது. மணலை வாரி அடிக்கிறது. நிமிர்ந்து நிற்கிற கொடி அங்கே பிழைப்பது கஷ்டம். மழையும் சொற்பம், கோடையில் அநேகமாகக் கிடையாது. அப்புறம் எப்படிக் காய்க்கிறது? கீழே இருப்பது எரிமலை கக்கிய சாம்பலும் நுரைக்கல்லும். அஸ்பா என்கிறார்கள். ஒரு கல்லை எடுத்து என் கையில் வைத்தார். பஞ்சு மாதிரி எடையே இல்லை. ராத்திரியில் கடலிலிருந்து ஏறிவரும் ஈரத்தை இந்தக் கல் குடித்து வைத்துக்கொண்டு வேருக்குக் கொடுக்கிறதாம். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாய்கிற ஊரிலிருந்து போனவனுக்கு இதைக் கேட்கவே தொண்டை வறண்டது.

அந்த மண்ணால் இன்னொரு லாபமும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து ஃபில்லாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி வந்து ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை மொட்டையடித்தது. அதன்பின் ஐரோப்பாவில் பெரும்பாலான இடங்களில் அமெரிக்க வேரில் ஒட்டுக் கட்டித்தான் திராட்சை வளர்க்கிறார்கள். களிமண் இல்லாத இந்த எரிமலை மணலில் அந்தப் பூச்சியால் பிழைக்க முடியவில்லை. அதனால் இங்கே கொடி இன்னும் தன் சொந்த வேரில் நிற்கிறது. கூடைக்கு எழுபது எண்பது வயதாகி விளைச்சல் குறைந்தால் அடியோடு வெட்டிவிடுவார்கள்; அதே வேர் மறுபடி துளிர்க்கும், மறுபடி கூடை முடைவார்கள். சில வேர்களுக்கு முந்நூறு நானூறு வயது என்கிறார்கள். எங்கள் பந்தல் கொடிக்கு இருபது வயதானால் கிழம்.

சரிவின் ஓரத்தில் ஒரு முதியவர் குந்தியிருந்தார். தரையில் விரிப்புப் போட்டு அதன்மேல் திராட்சைக் குலைகளைப் பரப்பி, ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தார். குளவிகள் சுற்றிச் சுற்றி வந்தன. அவர் சட்டை செய்யவில்லை. இது வின்சாண்டோ என்ற இனிப்பு ஒயினுக்கு. பன்னிரண்டு, பதினாலு நாள் வெயிலில் வாடவிட்டுத் தண்ணீரை வற்ற வைத்து, அதன் பிறகு பிழிவார்களாம். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊரில் அறுத்த குலை அரை நாள் வாடினால் வியாபாரி விலையைப் பாதியாக்கிவிடுவார். கேரளத்துக்குப் போகிற லாரி தாமதமான ஒரு ராத்திரி, அப்பா குலைகளின்மேல் ஈரச்சாக்கைப் போடுவதும் எடுப்பதுமாக விடியும்வரை தூங்காமல் இருந்தது நினைவுக்கு வந்தது.

அந்தப் பெண்ணிடம், நானும் திராட்சை விவசாயி மகன் என்று அவரிடம் சொல்லச் சொன்னேன். சொன்னார். முதியவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அருகே இருந்த கூடையிடம் கூட்டிப்போனார். கவாத்துக் கத்தரியை எடுத்து, குளிர்காலத்தில் எப்படி வெட்டுவார் என்று வெட்டாமலே காட்டினார். இந்தத் தண்டை எடு, இதை விடு, விட்டதைப் போன வருடத்து வளையத்துக்கு மேல் இப்படி வளை, முனையை இங்கே சொருகு. வருடத்துக்கு ஒரு சுற்று. வளைக்கும்போது கட்டைவிரலைத் தண்டுக்கு அடியில் கொடுத்து, ஒடிகிற இடத்துக்கு ஒரு நூல் முன்னால் நிறுத்தினார். அந்த நிறுத்தம் எனக்குத் தெரியும். அப்பாவின் கட்டைவிரலும் அப்படித்தான் நிற்கும்.

பிறகு என் முறை. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, அண்ணாந்து, கத்தரியால் வெட்டுவது போலக் காட்டினேன். அவருக்குப் புரியவில்லை. மகள் செல்போனில் பழைய படம் ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தாள்: பந்தலுக்கு அடியில் அப்பா. முதியவர் அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் பிடரியைப் பிடித்துக்கொண்டு வலிக்கிற மாதிரி முகத்தைச் சுளித்துக் காட்டினார். ஆமாம் என்று தலையாட்டினேன். கவாத்து முடிந்து ஒரு வாரத்துக்கு அப்பாவால் கழுத்தைத் தாழ்த்திச் சோறு பிசைய முடியாது. முதியவர் தன் இடுப்பைத் தட்டிக் காட்டினார். அவரால் நிமிர முடியாது. இருவரும் சிரித்தோம். மகள் இதைப் படம் எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை.

விளைச்சல் எவ்வளவு என்று கேட்டேன். ஏக்கருக்கு ஒரு டன் வந்தால் பெரிது என்றார் அந்தப் பெண். நான் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். எங்கள் பக்கம் வருடம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும். ஏக்கருக்கு ஒரு டன் என்று சொன்னால் கூட்டுறவுக் கடன்கூடத் தரமாட்டார்கள். ஆனால் இங்கே கிலோ மூன்று யூரோவைத் தாண்டிவிட்டதாம். இருபது முப்பது ரூபாய்க்கு எடை போட்டுக் கொடுத்த எங்களுக்கு அந்தக் கணக்கு வேறு உலகம்.

ஆலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எஃகுத் தொட்டிகள், குழாய்கள், பால் பண்ணை மாதிரி சுத்தம். அதற்குப் பின்னால் இருந்த பழைய நிலவறைதான் பார்க்க வேண்டியது. கனாவா என்கிறார்கள். நுரைக்கல் மலையைக் குடைந்து செய்த குகை. சுவரில் உளித் தடம் அப்படியே இருந்தது. வெளியே அனலடிக்க, உள்ளே எங்கள் பந்தல் குளிர்ச்சி. 1956 ஜூலையில் வந்த நிலநடுக்கத்தில் தீவில் ஏராளமான வீடுகளும் கனாவாக்களும் இடிந்து, ஜனங்கள் ஊரைவிட்டே போனார்களாம்.

அந்தக் குகையில்தான் நீள மேஜை போட்டு ருசி பார்க்க உட்கார வைத்தார்கள். ஆளுக்கு ஐந்து கிளாஸ், தண்ணீர், ரொட்டித் துண்டு, நடுவில் ஒரு வாளி. வாளி எதற்கென்று மனைவி கேட்டாள். வாயில் வைத்துக் கொப்பளித்துவிட்டுத் துப்புவதற்கு என்றாள் மகள். "அட, படிக்கம்!" என்றாள். எங்கள் தாத்தா காலத்து வெற்றிலைப் படிக்கம் இன்னும் பரணில் கிடக்கிறது. அந்தச் சொல் வந்ததும் அவளுக்கு அந்த இடம் பழகிவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு நன்றாக உட்கார்ந்தாள்.

எனக்குத்தான் கூச்சம். முப்பத்து நான்கு வருடம் வாத்தியாராக இருந்தவன், மகள் முன்னால், மருமகன் முன்னால். ஆனால் உள்ளுக்குள் வேறொரு உறுத்தலும் இருந்தது. புறநானூற்றில் 56ஆம் பாட்டு: பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்தும்போது, யவனர், அதாவது கிரேக்கரும் ரோமரும், கொண்டுவந்த குளிர்ந்த, மணமுள்ள தேறலைப் பொற்கிண்ணத்தில் பெண்கள் ஏந்தித் தர உண்டு மகிழ்ந்திரு என்கிறார். அதை எத்தனையோ வகுப்புகளில் நடத்தியிருக்கிறேன். "தேறல் என்றால் தெளிந்த மது, எழுதிக்கோ." அவ்வளவுதான். யாராவது ஒரு பையன் கையைத் தூக்கி, அது எப்படி ஐயா இருக்கும் என்று கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை. நல்லவேளை, யாரும் கேட்கவில்லை.

முதல் கிளாஸ் அசிர்டிகோ. தீவின் திராட்சையில் பெரும்பகுதி இந்த வெள்ளை ரகம்தான். தண்ணீர் மாதிரி தெளிவு, லேசாக வைக்கோல் நிறம். மூக்கருகே கொண்டுபோனதும் பாட்டி வீட்டு எலுமிச்சை ஊறுகாய் ஜாடியைத் திறந்த வாடை. காரம் போடுவதற்கு முன், உப்பில் மட்டும் ஊறிக்கொண்டிருக்கிற நாட்களில் வருமே, அது. வாயில் வைத்தால் புளிப்பு சுருக்கென்று பிடித்தது. விழுங்கிய பின் நாக்கின் ஓரத்தில் உப்பு நின்றது. இனிப்பு என்பதே இல்லை. பன்னீர் திராட்சை தின்று வளர்ந்தவனுக்கு, இது அதே பழத்தில் செய்தது என்று நம்பக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அந்த உப்புதான் என்னைப் பழைய துறைமுகமான அரிக்கமேட்டுக்குக் கொண்டுபோனது. 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது மத்தியதரைக்கடல் நாட்டு ஒயின் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. இதே ஈஜியன் கடலில் உள்ள இன்னொரு தீவான கோஸின் பாணிச் சாடிகளும் அவற்றில் உண்டு. அந்தக் கோஸ் தீவு ஒயினில் கடல்நீரைக் கலப்பது அந்தக் காலத்து வழக்கம். ஆக, புதுச்சேரிக்குத் தெற்கே இறங்கிய தேறலிலும் உப்பு கரித்திருக்கலாம். தேன் மாதிரி இருக்கும் என்று நான் மனசுக்குள் நினைத்து வைத்திருந்ததெல்லாம் கற்பனை. இதை மருமகனிடம் விளக்க ஆரம்பித்து முடிப்பதற்குள் அவர் மூன்றாவது கிளாஸில் இருந்தார்.

இரண்டாவது, அதே ரகம் மரப்பீப்பாயில் இருந்தது. புகைவாடை எனக்கு ஒத்துவரவில்லை. மூன்றாவது நிக்தேரி. இரவு என்ற சொல்லிலிருந்து வந்த பெயர்; பகலில் அறுத்ததை வெயிலுக்குப் பயந்து அன்று ராத்திரியே பிழிந்ததால் அப்படி. நான்காவது மாவ்ரோட்ராகனோ என்ற சிவப்பு. பாக்கு மென்ற மாதிரி துவர்ப்பு. படிக்கத்தை நான் பயன்படுத்தவே இல்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். துப்புவது மரியாதையில்லை என்று தோன்றியது. அந்த முதியவர் இடுப்பைப் பார்த்த பிறகு துப்ப மனம் வரவில்லை என்பதும் ஒரு காரணம். நான்காவது முடிந்தபோது குகை கொஞ்சம் சாய்ந்திருந்தது.

ஐந்தாவதை நிறுத்தி வைத்துவிட்டு, சாப்பிட மாடிக்குக் கூட்டிப்போனார்கள். இனி மனைவியின் ராஜ்ஜியம்.

முதலில் ஒரு தட்டில் மஞ்சளாக மசித்த ஏதோ ஒன்று வந்தது. மேலே ஆலிவ் எண்ணெய், பொடியாக நறுக்கிய வெங்காயம், கேப்பர் மொட்டு. ஃபாவா என்றார்கள். அவள் ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். "பருப்பு மசியல்ங்க. தாளிக்க மறந்துட்டாங்க." அது அந்தத் தீவிலேயே விளைகிற ஒரு பருப்பு, எரிமலைச் சாம்பலுக்கு அடியில் புதைந்துபோய்த் தோண்டியெடுத்த அக்ரோதிரி நகரத்திலும் அதன் மணிகள் கிடைத்திருக்கின்றன. மூவாயிரத்து அறுநூறு வருடமாக ஒரு கடுகு தாளிக்க இவர்களுக்குத் தோன்றவில்லையா என்பது அவள் கேள்வி. ஆனாலும் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள்.

அடுத்தது தக்காளி வடை. உண்மையில் வடையேதான்: நெல்லிக்காய் அளவிலான, தண்ணீர் பாய்ச்சாமல் விளைந்த தீவுத் தக்காளியை நறுக்கி, வெங்காயமும் புதினாவும் மாவும் சேர்த்து எண்ணெயில் போட்டு எடுத்தது. ஓரம் மொறுமொறு, உள்ளே புளிப்பு. பிறகு வெள்ளைக் கத்திரிக்காய் சுட்டு மசித்தது, ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி. மருமகனுக்கு ஆக்டோபஸ், அது வந்ததும் மனைவி நாற்காலியை அரை அடி தள்ளிப் போட்டாள்.

என்னை நிறுத்தியது தோல்மாதஸ். திராட்சை இலையில் அரிசியைப் பொதிந்து, சுருட்டி வேகவைத்து, எலுமிச்சை பிழிந்தது. விரல் நீளம்தான் இருக்கும். பிரித்துப் பார்த்தேன், ஐந்து மடல், நடு நரம்பு, நமக்குத் தெரிந்த அதே இலை. கவாத்து முடிந்தால் இதை நாங்கள் வண்டி வண்டியாக ஆட்டுக்குப் போட்டிருக்கிறோம். மீதியைக் கொளுத்தியிருக்கிறோம். "எத்தன வருசம், தெரியாமப் போச்சே" என்றாள் மனைவி. பூச்சி மருந்தும் மயில்துத்தமும் அடித்த எங்கள் இலையைத் தின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்லவில்லை.

கடைசியில் வின்சாண்டோ, சின்ன கிளாஸில். நிறம் கருப்பட்டிப் பாகு. இந்தத் தேன் சுவை ஒயின் ஒரு காலத்தில் ரஷ்யத் தேவாலயங்களுக்குக் கப்பல் கப்பலாகப் போனதாம். நான் எடுப்பதற்கு முன் மனைவி கிளாஸை வாங்கினாள். குடிக்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தாள். திறந்தபோது முகமே மாறியிருந்தது.

"பழனி."

எனக்குப் புரியவில்லை. கிளாஸை என்னிடம் நீட்டினாள். பேரீச்சம்பழம், கற்கண்டு, நாள்பட்ட வாழைப்பழம், அடியில் எங்கேயோ ஏலக்காய் மாதிரி ஒன்று. பஞ்சாமிர்த டப்பாவைத் திறந்த வாசம். அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. சுற்றிக் காட்டிய பெண் இதுவரை அத்தி, உலர் திராட்சை, காப்பி என்று பலரும் சொல்லக் கேட்டிருக்கிறாராம். பழனி புதிது. சொல்லை எழுதி வாங்கிக்கொண்டார்.

காப்பி வந்தபோது அவரிடம், இந்தத் தோட்டங்கள் முன்பு இன்னும் அதிகமோ என்று கேட்டேன். இப்போது 1,200 ஹெக்டேர் அளவில்தான் மிச்சம் என்றார். நிலத்தை ஹோட்டலுக்கு விற்றால் ஒரே கையெழுத்தில் வருகிற பணம், திராட்சையில் இரண்டு தலைமுறைக்கு வராது. சரிவுக்குக் கீழே நீச்சல்குளத்தோடு ஒரு கட்டடம் தெரிந்தது. அது அவருடைய பெரியப்பாவின் தோட்டமாம். "உங்கள் அப்பாவின் பந்தல் இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டார்.

மகள் என்னைப் பார்த்தாள். நான் மேஜைவிரிப்பைப் பார்த்தேன். அப்பா போன மூன்றாம் வருடம் தூண்களைப் பிடுங்கிவிட்டோம். ஒன்றரை ஏக்கரும் மனைப்பிரிவு. விற்பனைப் பத்திரத்தில் முதல் கையெழுத்து என்னுடையது. மகளின் ஜெர்மனிப் படிப்புக்குப் போனது அந்தப் பணம்தான். இல்லை என்று மட்டும் சொன்னேன்.

திரும்பும்போது வின்சாண்டோ அரை லிட்டர் பாட்டில் ஒன்று வாங்கினோம். காசு கொடுத்தது மனைவி. துண்டில் சுற்றிப் பெட்டிக்கு நடுவே வைத்து ஊர்வரை கொண்டுவந்தாள். இப்போது அது எங்கள் சமையலறையில், மேல்தட்டில், ஊறுகாய் ஜாடிகளுக்குப் பின்னால் இருக்கிறது. மகள் வரும்போது திறக்கலாம் என்கிறாள். மகள் இரண்டு முறை வந்துவிட்டுப் போய்விட்டாள்.